வெட்டிய பிரதியைக் கொடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லாதீர்கள்

பழைய ராட்சத விலங்குப் படங்களின் உரிமையை வைத்திருப்பவர்களுக்கும், அவற்றை வட்டிலும் இணையத்திலும் வெளியிடுபவர்களுக்கும்,

முதல் படத்துக்கு ஒரு நீதி, தொடர்ச்சிகளுக்கு வேறொரு நீதி என்று நீங்கள் கடைப்பிடித்துவரும் வழக்கத்தை இனியும் பேசாமல் ஏற்க எங்களால் முடியவில்லை. 1954இல் வந்த முதல் ஜப்பானிய ராட்சத விலங்குப் படமான 'காட்ஜில்லா' என்றால், கிடைப்பதிலேயே நல்ல மூலப் பிரதியைத் தேடிப் பிடிக்கிறீர்கள். ஃபிரேம் ஃபிரேமாகத் துடைக்கிறீர்கள். ஜப்பானிய வடிவத்தையும் 1956இன் அமெரிக்க வடிவத்தையும் அருகருகே வைத்துக் கொடுக்கிறீர்கள். அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பாகம் என்றாலோ, அறுபது எழுபதுகளின் மற்ற பாகங்கள் என்றாலோ கை சுருங்கிவிடுகிறது. ஆங்கில டப்பிங் மட்டும் உள்ள பிரதி, இரு பக்கமும் வெட்டிய படம், காணொளி நாடாக் காலத்து மாஸ்டர் (நகல்கள் எடுக்க வைத்திருக்கும் தாய்ப் பிரதி), அட்டையில் 'நண்பர்களைக் கூட்டி வைத்துச் சிரிக்க ஏற்ற மோசமான படம்' என்கிற தொனியில் நாலு வரி. இந்தப் படங்களுக்கு இது போதும் என்று யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கிறார். அந்த முடிவு தவறு என்று சொல்லத்தான் இந்த மடல்.

இவையெல்லாம் காவியங்கள் என்று நாங்கள் வாதாட வரவில்லை. இவற்றில் அசட்டுத்தனம் உண்டு. ரப்பர் உடையின் முழங்காலில் மடிப்பு விழும், பொம்மை டாங்கி உருளும்போது ஆடும், கதை நடுவில் படுத்துக்கொள்ளும். ஆனால் இந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் சிரிக்கும் இடங்களை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தால் இரண்டு வகையாகப் பிரியும். எடுத்தவர்களே படத்தில் வைத்தது ஒன்று. பிறகு வெட்டியவர்களும் குரல் கொடுத்தவர்களும் அச்சிட்டவர்களும் சேர்த்தது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையை முதல் வகையின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் எங்கள் குறை.

இரண்டாம் பாகத்திலிருந்தே தொடங்குகிறோம். 1954 நவம்பர் 3இல் முதல் படம் வெளியானது. 1955 ஏப்ரல் 24இல் தொடர்ச்சி திரைக்கு வந்துவிட்டது. இடையில் ஆறு மாதம்கூட இல்லை. முதல் படத்தின் இயக்குநர் இஷிரோ ஹோண்டா இதில் இல்லை. மோட்டோயோஷி ஓடா இயக்கினார். இசை அகிரா இஃபுகுபே அல்ல, மசாரு சாட்டோ. சிறப்புக் காட்சிகள் மட்டும் அதே எய்ஜி சுபுராயாவின் கையில். அவசரத்தில் எடுத்த படம் என்பது தெரியத்தான் செய்கிறது. ஒசாகா கோட்டையை நொறுக்கும் பெரிய சண்டை, படம் முடிய அரை மணி நேரத்துக்கு அருகில் மிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. பிறகு மீன்பிடி நிறுவனத்தின் அலுவலக விருந்து, நிச்சயதார்த்தப் பேச்சு, கடைசியில் பனித்தீவின்மேல் விமானங்கள் திரும்பத் திரும்ப வந்து குண்டு போடும் நீண்ட காட்சி. கதைக்கட்டு சரிந்திருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் அதே படத்தில்தான் ராட்சத விலங்கு இன்னொரு ராட்சத விலங்கோடு மோதும் சண்டை இந்தத் தொடரில் முதன்முதலாக வருகிறது. காட்ஜில்லாவும் அங்கிரஸும். பின்னால் வந்த அத்தனை மோதல் படங்களுக்கும் விதை அது. அந்தச் சண்டைக்கு முன்னால் நகரம் முழுவதும் விளக்கணைத்துக் காத்திருக்கிறது. விமானங்கள் வெளிச்ச குண்டு வீசி விலங்கைக் கடல் பக்கம் இழுக்கின்றன. தப்பியோடும் கைதிகள் லாரியை மோதித் தீப்பிடிக்க வைக்க, அந்த நெருப்பைப் பார்த்துக் காட்ஜில்லா நகரத்துக்கே திரும்பிவிடுகிறது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடக்கும் இழுபறிதான் அந்தப் பகுதியின் உயிர். போர் முடிந்து பத்தாண்டுகூட நிறையாத நாட்டில், வான்வழித் தாக்குதலின்போது விளக்கணைத்த நினைவு பார்வையாளர்களுக்கு இருந்த நாட்களில் எடுத்த காட்சி இது.

இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பது சண்டையின் வேகத்தைப் பார்த்து. அதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ராட்சத விலங்கின் பருமனை நம் கண்ணுக்கு உணர்த்துவது விழுகிற நேரம். காட்ஜில்லாவின் உயரம் 50 மீட்டர். படப்பிடிப்புக்குக் கட்டிய மினியேச்சர் (சிறு மாதிரி) நகரம் 1/25 அளவு. ஆகவே உடைக்குள் இருப்பவர் சுமார் 2 மீட்டர். நிஜத்தில் ஒரு கோபுரத் துண்டு 25 மீட்டர் உயரத்திலிருந்து விழ ஏறக்குறைய 2.26 விநாடி ஆகும். மினியேச்சரில் அதே துண்டு 1 மீட்டர்தான் விழ வேண்டும், 0.45 விநாடியில் தரையைத் தொட்டுவிடும். அதை 2.26ஆக நீட்ட ஐந்து மடங்கு வேகத்தில், அதாவது விநாடிக்கு 120 ஃபிரேமில் படம் பிடித்து 24இல் ஓட்ட வேண்டும். 25இன் வர்க்கமூலம் 5, விதி அவ்வளவுதான். ஐந்து மடங்கு வேகம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரம் ஐந்தில் ஒன்று. விளக்குகளை அந்த அளவுக்குக் கூட்ட வேண்டும். அந்தச் சூட்டில்தான் காட்ஜில்லா உடைக்குள் ஹருவோ நகாஜிமாவும், அங்கிரஸ் உடைக்குள் கட்சுமி தெசுகாவும் உருண்டு புரண்டார்கள். முதல் படத்துக்குச் செய்த முதல் உடை மட்டும் ஏறக்குறைய 100 கிலோ.

ஒசாகாச் சண்டையில் சில காட்சிகள் இந்தக் கணக்குக்கு நேர் எதிராக ஓடுகின்றன. ஒரு கேமரா தவறுதலாக விநாடிக்கு 18 ஃபிரேமில் ஓடிவிட்டது, போட்டுப் பார்த்த சுபுராயா அதை வேண்டாம் என்று ஒதுக்காமல் வைத்துக்கொண்டார் என்று படக்குழுவின் வழியாக வந்த செய்தி சொல்கிறது. 18இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் 0.45 விநாடி 0.34ஆகச் சுருங்கும். பருமன் போய்விடும், இரண்டு நாய்கள் கடித்துக் குதறுவதுபோல் இருக்கும். சிலருக்கு இது கேலிக்கூத்து. சிலருக்கு, எங்களில் பலருக்கு, விலங்குகள் விலங்குகளாகவே நடந்துகொண்ட ஒரே சண்டை இதுதான். பின்னாளில் மல்யுத்த வீரர்கள்போல் பாவனை காட்டத் தொடங்குவதற்கு முந்திய மூர்க்கம். இந்த இரண்டு கருத்தும் நிற்கலாம். எந்தப் பக்கம் நிற்பது என்பதைப் பார்க்கிறவர் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவர் கையில் சரியான வேகத்தில் ஓடும் படம் இருக்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் தொலைக்காட்சி முறைக்காகச் செய்த பழைய மாஸ்டர்களை இன்னமும் இணையத்தில் ஏற்றுகிறீர்கள். 24இல் எடுத்த படம் 25இல் ஓடினால் 4 சதவீதத்துக்கு மேல் விரைந்துவிடும். 96 நிமிடப் படம் 92 நிமிடம் 10 விநாடியில் முடிந்துபோகும். குரலும் இசையும் ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் மேலே ஏறும். அடித்தொண்டையிலிருந்து வர வேண்டிய கர்ஜனை மூக்கால் வருகிறது. ஏற்கெனவே விரைந்து ஓடும் 1955 சண்டையின்மேல் இது இன்னொரு பூச்சு.

அமெரிக்க வடிவத்தின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் பல இடங்களில் நீங்கள் 'இரண்டாம் பாகம்' என்று கொடுப்பது அதைத்தான். 1959இல் இந்தப் படம் 'ஜிகான்டிஸ்' என்ற புதிய விலங்கின் படமாக அங்கே விற்கப்பட்டது. காட்ஜில்லாவின் பெயர் போனது. அதன் கர்ஜனையும் பெரும்பாலான இடங்களில் போய், எதிரியான அங்கிரஸின் கத்தலே இரண்டுக்கும் வைக்கப்பட்டது. இரண்டு விலங்குகள் ஒரே குரலில் கத்திக்கொண்டு இருட்டில் புரளும்போது எது எது என்று யாருக்குத்தான் தெரியும்? சாட்டோவின் இசையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, வேறு படங்களுக்கென்று எழுதிய இருப்பு இசையை ஒட்டினார்கள். கண் முன்னால் நடப்பதையே விளக்கிச் சொல்லும் பின்னணிக் குரல் ஓயாமல் பேசுகிறது. 82 நிமிடம் 78 ஆனது. 'பாகாயாரோ' என்று திட்டும் உதடசைவுக்குப் பொருந்த 'பனானா ஆயில்' என்று ஒரு வசனம் போனதைக் குரல் கொடுத்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் டகேயே பின்னர் சொல்லியிருக்கிறார். அந்த வசனத்துக்குச் சிரிக்காதவர் இல்லை. ஓடாவின் படத்தில் அந்த வசனமே கிடையாது.

அந்த அமெரிக்க வடிவத்தை அழிக்கச் சொல்லவில்லை. அதுவும் வரலாறு, அதற்கும் அன்பர்கள் உண்டு. துணை வடிவமாக, அதன் பெயரோடு, அதன் ஆண்டோடு கொடுங்கள். மூலத்தின் இடத்தில் உட்கார வைக்காதீர்கள்.

அடுத்தது அகலம். 1962இன் 'கிங் காங் எதிர் காட்ஜில்லா'விலிருந்து இந்தத் தொடர் வண்ணத்துக்கும் அகலத்திரைக்கும் மாறியது. விகிதம் 2.35க்கு 1. அதைப் பழைய தொலைக்காட்சியின் 1.33க்குள் அடைத்தால் படத்தின் 43 சதவீதம் போய்விடும். எந்தப் படத்துக்கும் அது நஷ்டம்தான், ராட்சத விலங்குப் படத்துக்கோ அந்த ஓரங்கள்தான் உயிர்நாடி. ஏனென்றால் பருமனை அளக்க நம் கண்ணுக்கு ஒரு அளவுகோல் வேண்டும். ஃபிரேமின் இடது மூலையில் ஓடும் நாலு மனிதர்கள், ஒரு தந்திக்கம்பம், ஒரு ரயில் பெட்டி. அந்த மூலையை வெட்டியதும் மிச்சம் இருப்பது நீல வானத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு ரப்பர் உடை. 'பார், ஆள் உடை போட்டுக்கொண்டு நிற்கிறான்' என்று பார்வையாளர் சிரிக்கிறார். அளவுகோலை எடுத்தவர் நீங்கள். இரண்டு விலங்குகள் இரு ஓரத்திலும் நிற்கும் காட்சியில் நிலைமை இன்னும் மோசம். அடிப்பவர் தெரிவார், அடிபடுபவர் தெரியமாட்டார். அல்லது இல்லாத ஒரு கேமரா நகர்வை உண்டாக்கி இடவலமாக இழுப்பீர்கள்.

அதே 1962 படத்துக்கு நேர்ந்ததைத் தனியே சொல்ல வேண்டும். 1963இன் அமெரிக்க வடிவம் செய்தி வாசிப்பாளர் காட்சிகளைச் செருகி, இஃபுகுபேயின் இசையைப் பெரும்பாலும் நீக்கி, 97 நிமிடத்தை 91 ஆக்கியது. ஜப்பானிய முடிவில் கடலுக்குமேல் இரண்டு விலங்குகளின் குரலும் கேட்கும். அமெரிக்க முடிவில் காங்கின் குரல் மட்டும். ஜப்பானில் காட்ஜில்லா ஜெயிக்கும், அமெரிக்காவில் காங் ஜெயிக்கும் என்று பல ஆண்டுகள் சுற்றிய பொய்க்கு இடம் கொடுத்தது, இரண்டையும் ஒருவராலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாமல் இருந்ததுதான். இரண்டிலும் காங்தான் நீந்தி வீடு திரும்புகிறது. கொடுமை இதோடு நிற்கவில்லை. 1970இல் சிறுவர்களுக்கான திரைவிழாவுக்காக இந்தப் படத்தை 74 நிமிடமாகச் சுருக்கியபோது மூல நெகட்டிவையே வெட்டினார்கள். வெட்டிய பகுதிகளைத் தேடிச் சேர்த்து முழுப் படமும் 4கே என்னும் மிக நுண்ணிய தரத்தில் மீண்டும் காண 2016 வரை ஆனது. நாற்பத்தாறு ஆண்டு. அப்படியும் 2019இல் 1954 முதல் 1975 வரையிலான 15 படங்களையும் ஒன்றாகத் தந்த தொகுப்பில் முதன்மை வட்டில் இருந்தது அமெரிக்க வடிவம். ஜப்பானிய வடிவம் துணை வட்டில், குறைந்த தரத்தில். உரிமைச் சிக்கல் என்பீர்கள். இரு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் தீரக்கூடிய சிக்கல்தானே அது.

மீட்டெடுப்பு என்ற பெயரில் நடக்கும் மூன்று கெடுதல்களையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது, இருட்டை வெளுப்பது. இரவுக் காட்சிகளில் கருமையைத் தூக்கிவிட்டால் நவீனத் திரையில் 'தெளிவாக' இருக்கும் என்று நினைக்கிறீர்கள். ஒளிப்பதிவாளர் அந்த இருட்டுக்குள் ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வரும்: திரைச்சீலையில் வரைந்த வானத்தின் மடிப்பு, உடையின் முதுகுத் தையல், அரங்கத் தளம் முடியும் விளிம்பு. விளக்கணைத்த ஒசாகாவை வெளுத்துக் காட்டினால் கதையே போய்விடுகிறது.

இரண்டாவது, கம்பி. பறக்கும் விலங்குகளைப் பியானோ கம்பியில்தான் தொங்கவிட்டார்கள். 1964இல் வந்த மூன்று தலை கிடோராவுக்கு ஒவ்வொரு கழுத்துக்கும் ஒவ்வொரு சிறகுக்கும் இரண்டு வாலுக்கும் மேலிருந்து கம்பி. அன்றைய திரையரங்கப் பிரிண்ட் என்பது நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து பிரிண்ட் என்று மூன்று தலைமுறை தாண்டி வருவது. ஒவ்வொரு தாவலிலும் நுண்மை கொஞ்சம் கரையும். கம்பியும் அதோடு பெருமளவு கரைந்தது. இப்போது மூல நெகட்டிவை நேராக 4கேயில் ஸ்கேன் செய்தால் கம்பி கோடு கோடாக மின்னும். அதைப் பார்த்து இரண்டு தவறு செய்கிறீர்கள். சிலர் ஒளிக்கும் இருளுக்கும் உள்ள மாறுபாட்டை அப்படியே விட்டு, கம்பியை வெட்டவெளிச்சமாக்குகிறீர்கள். சிலர் கணினியால் வரைந்து மறைக்கிறீர்கள். மறைத்த இடத்தில் ஃபிலிம் மணி, அதாவது படச்சுருளுக்கே உரிய நுண்புள்ளிகள் அழிந்து, சிறகைச் சுற்றி மெழுகு தடவினதுபோல் ஒரு வளையம் நகர்கிறது. வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாதுகாத்து வைத்த அந்தக் காலத்துப் பிரிண்ட் ஒன்றைத் திரையில் ஓட்டி, அதன் மாறுபாட்டுக்கு ஸ்கேனைப் பொருத்துங்கள். கம்பி அன்று எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு தெரியட்டும்.

மூன்றாவது, மணியையும் இரைச்சலையும் வழித்தெடுப்பது. 1973இன் 'காட்ஜில்லா எதிர் மெகலான்' போன்ற படங்களில் முந்தைய படங்களின் காட்சிகளை எடுத்து ஒட்டியிருப்பார்கள். அவை நகலின் நகல் என்பதால் மணி தடித்திருக்கும். புதிதாக எடுத்த காட்சியில் மணி மெல்லியது. இரண்டையும் ஒரே வழவழப்பில் கொண்டுவர மென்பொருளை ஓட்டினால் ரப்பர் தோலின் சொரசொரப்பு முழுவதும் போய், விலங்குகள் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். ஒலியிலும் அதே கதை. காட்ஜில்லாவின் கர்ஜனையை இஃபுகுபே உண்டாக்கியது எப்படி? கான்ட்ராபாஸ் வாத்தியத்தின் கம்பியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் அதை நீளவாக்கில் தேய்த்து இழுத்தார்கள். அந்த ஒலியின் உயிரே கரகரப்பு. கரகரப்புக்கும் இரைச்சலுக்கும் மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது; இரைச்சலை நீக்கும்போது கர்ஜனையின் பல்லையும் பிடுங்கிவிடுகிறது. பிறகு ஒற்றைத் தடத்தை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்து எதிரொலி சேர்க்கிறீர்கள். கேட்டுப் பாருங்கள், தயவுசெய்து. குகைக்குள் யாரோ கொட்டாவி விடுவதுபோல் இருக்கிறது.

வசனத்துக்கு வருவோம். ஜப்பானிய வாக்கியம் தமிழைப்போல வினையில் முடியும். ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்துவிடும். உதடு இன்னும் அசைந்துகொண்டிருக்கும், சொல்ல வேண்டியது முடிந்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் டப்பிங்கில் அத்தனை அசட்டுச் சொற்கள். அது டப்பிங்கின் நெருக்கடி, மன்னிக்கலாம். எங்களால் மன்னிக்க முடியாதது, ஜப்பானிய ஒலித்தடத்தைக் கொடுத்துவிட்டு, கீழே ஆங்கில டப்பிங்கை எழுதிய சப்டைட்டிலை ஓட்டுவது. நடிகர் ஒன்று சொல்கிறார், எழுத்து வேறொன்று சொல்கிறது. பேசாத இடத்தில் எழுத்து ஓடுகிறது, பேசும் இடத்தில் திரை வெறுமையாக நிற்கிறது. மூலத்தைப் பார்க்கிறோம் என்று நம்பியவரை ஏமாற்றும் செயல் இது. செய்தித்தாள் தலைப்பு, வரைபடத்தில் இடப்பெயர், அறிவிப்புப் பலகை, பாட்டு எதற்கும் மொழிபெயர்ப்பு இருப்பதில்லை.

பாட்டு என்றதும் 1971இன் 'காட்ஜில்லா எதிர் ஹெடோரா'. அசட்டுத்தனமும் ஆவேசமும் ஒரே படத்தில் இவ்வளவு நெருங்கி இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. யோஷிமிட்சு பன்னோ இயக்கினார். தொழிற்சாலைக் கழிவிலிருந்து எழும் விலங்கு, புகைபோக்கியில் வாய் வைத்துப் புகையை இழுக்கிறது. அதன் அமிலப் புகை பட்ட மனிதர்கள் நின்ற இடத்தில் எலும்புக்கூடாகிறார்கள். நடுநடுவே கார்ட்டூன். அப்புறம் காட்ஜில்லா வாலைச் சுருட்டிக்கொண்டு, வாயிலிருந்து வரும் கதிரின் உந்துதலில் பின்பக்கமாகப் பறக்கிறது! தயாரிப்பாளர் தொமோயுகி தனகாவுக்கே படம் பிடிக்கவில்லை. பன்னோவுக்கு இன்னொரு காட்ஜில்லா படம் கிடைக்கவும் இல்லை. அந்தப் படத்தின் தொடக்கப் பாட்டு 'சூரியனைத் திருப்பிக் கொடு' என்று கேட்கிறது. பாதரசம், கோபால்ட், காட்மியம் என்று நஞ்சுகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. ஜப்பானின் யொக்கைச்சி நகரில் காற்று மாசால் மூச்சுநோய் வந்தவர்கள் தொழிற்சாலைகள்மேல் வழக்குப் போட்டிருந்த ஆண்டுகள் அவை. அமெரிக்க வடிவம் அந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறு ஆங்கிலப் பாட்டை வைத்தது. நீங்கள் அந்த வடிவத்தைக் கொடுத்தால் பறக்கும் காட்ஜில்லா மட்டும் மிஞ்சும். மூலத்தைக் கொடுத்தும் பாட்டை மொழிபெயர்க்காவிட்டால் அதே கதிதான்.

1969இல் வந்த சிறுவர் படத்துக்குத் தலைப்பே எதிரியாகிவிட்டது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போக, தனியே வீடு திரும்பும் ஒரு பையன் கனவில் விலங்குத் தீவுக்குப் போகிறான். 70 நிமிடத்துக்குள் முடியும் சின்னப் படம். சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி 1966, 1967 படங்களிலிருந்து எடுத்தவை. ஆங்கிலத்தில் அதற்கு 'காட்ஜில்லாவின் பழிவாங்கல்' என்று பெயர் வைத்து விற்றார்கள். பழிவாங்கலைத் தேடிவந்தவர் ஏமாந்து திட்டுகிறார். தொடரிலேயே மோசமான படம் என்று பட்டம் கொடுக்கிறார். தொழிற்சாலைப் புறநகரில் சாவிக்கொத்தோடு அலையும் பையனைப் பற்றி ஹோண்டா எடுத்த படம் என்று அட்டையில் இரண்டு வரி இருந்திருந்தால் வேறு கண்ணோடு பார்த்திருப்பார். பழைய காட்சிகளை ஒட்டியது செலவைக் குறைக்கத்தான். அப்படியும், பையன் காணும் கனவு அவன் பார்த்திருக்கக்கூடிய படங்களால் ஆனது என்பது பொருந்தித்தான் போகிறது.

வெட்டு என்பது நகைச்சுவையோடு நின்றுவிடுவதில்லை, பொருளையே தலைகீழாக்கும் என்பதற்கு 1984இன் காட்ஜில்லா படம் சாட்சி. 1954க்கு நேரடித் தொடர்ச்சியாக எடுத்தது, 103 நிமிடம். அதில் டோக்கியோ துறைமுகத்தில் இருக்கும் சோவியத் அதிகாரி, தானாகக் கிளம்பவிருக்கும் அணு ஏவுகணையை நிறுத்த உயிர் போகும் நேரத்தில் போராடுகிறார். அடுத்த ஆண்டு வந்த 87 நிமிட அமெரிக்க வடிவத்தில் அதே அதிகாரி வேண்டுமென்றே பொத்தானை அழுத்துகிறார். அணு ஆயுதத்தைப் பற்றிய படத்தில் இதைவிடப் பெரிய திரிப்பு இருக்க முடியுமா? கூடவே புதிதாக எடுத்துச் சேர்த்த அமெரிக்க ராணுவ அறைக் காட்சிகளில் துணுக்குகளும் குளிர்பான விளம்பரமும்.

எல்லாவற்றையும் காப்பாற்றப் பணம் இல்லை என்பது உங்கள் பதிலாக இருக்கலாம். ஸ்கேனும் வண்ணச் சீரமைப்பும் செலவுதான். ஆனால் நாங்கள் கேட்பவற்றில் பாதி, செய்யாமல் விடச் சொல்பவை: வெட்டாதீர்கள், வழிக்காதீர்கள், வெளுக்காதீர்கள், விரைவாக்காதீர்கள். மறுபாதியைத் தள்ளிப்போட முடியாது. பழைய படச்சுருளான அசிடேட் ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் காலம் குறைவு என்று பொருள். அறுபது எழுபதுகளின் வண்ணப் பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப் படம் முழுவதும் சிவந்துபோகிறது. வண்ணத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சான்றே அந்தப் பிரிண்ட்கள்தான். முதல் படத்துக்குக் கொடுத்த கவனத்தைத் தொடர்ச்சிகளுக்கும் இப்போதே கொடுக்காவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒவ்வொரு தொடர்ச்சிப் படத்துக்கும் மூல மொழியில், வெட்டாத வடிவமே முதன்மையாக இருக்க வேண்டும். அமெரிக்க வடிவங்களையும் பிற்காலச் சுருக்கங்களையும் துணையாகச் சேருங்கள், நீக்க வேண்டாம். இரண்டு நிறுவனங்களிடம் உரிமை பிரிந்து கிடக்கும் படங்களுக்கு, 1962 படத்திலிருந்து தொடங்கி, இரு வடிவமும் ஒரே தரத்தில் ஒரே பெட்டியில் வர உடன்பாடு செய்யுங்கள்.

படம் எடுத்த விகிதத்தில், விநாடிக்கு 24 ஃபிரேமில் வர வேண்டும். 25இல் ஓடும் மாஸ்டர்களையும் பக்கம் வெட்டிய மாஸ்டர்களையும் இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இருட்டையும் வண்ணத்தையும் அந்தக் காலத்துப் பிரிண்டோடு ஒப்பிட்டுச் சீரமையுங்கள். கம்பியை வரைந்து மறைக்காதீர்கள். மணியை வழிக்காதீர்கள். ஒற்றைத்தட ஒலியோடு வந்த படத்துக்கு அந்த ஒற்றைத் தடமே முதல் தேர்வாக இருக்கட்டும். விரித்த ஒலி வேண்டுமானால் இரண்டாவதாக.

சப்டைட்டில் ஜப்பானிய வசனத்திலிருந்து புதிதாக மொழிபெயர்க்கப்பட வேண்டும். பாட்டு, தலைப்புச் செய்தி, பலகை எழுத்து, தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல் எல்லாவற்றுக்கும் சேர்த்து. டப்பிங் வசனத்தின் எழுத்து வடிவம் வேண்டுபவர்களுக்கு அதைத் தனித் தடமாக, அந்தப் பெயரிலேயே கொடுங்கள்.

அட்டையிலும் இணையப் பக்கத்திலும் எந்த ஆண்டின் எந்த வடிவம், எத்தனை நிமிடம், எந்த மூலப் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்தது, எந்த ஒலித்தடம் என்பதை அச்சிடுங்கள். படத்தை மோசம் என்று சொல்லி விற்கும் வாசகங்களை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் கிடங்கில் உள்ள தொடர்ச்சிப் படங்களில் எவற்றின் நெகட்டிவ் முழுதாக இருக்கிறது, எவற்றில் வெட்டு இருக்கிறது, எவை ஸ்கேன் ஆகிவிட்டன, எவை காத்திருக்கின்றன என்ற பட்டியலைப் பொதுவில் வெளியிடுங்கள். உங்களிடம் இல்லாத ஒரு ரீலோ ஒரு பிரிண்டோ வேறொரு சேகரிப்பாளரிடம் இருக்கக்கூடும். எது காணவில்லை என்று நீங்கள் சொன்னால்தான் அவர் தன் அலமாரியைத் திறந்து பார்ப்பார்.

இப்படிக்கு,
ராட்சத விலங்குப் படங்களின் எல்லாப் பாகங்களையும் பார்க்கிறவர்கள்